சோடியம் 112: தோ பாயோப் பாட்டியும் அவர் குடித்த தண்ணீரும்

பாட்டிக்கு வயது 74, எடை 46 கிலோ. சிங்கப்பூரில், தோ பாயோவில் மூவறை வீட்டில் மகளோடும் மருமகனோடும் இருக்கிறார். ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் மாலை நாலரை மணிக்கு ஆம்புலன்ஸில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். அங்கே அவர் தெளிவாகச் சொன்ன ஒரே வாக்கியம் "அடுப்புல பால் இருக்கு, எறக்கணும்" என்பதுதான். மற்றதெல்லாம் பாதிப் பாதியாக, நாக்கு குழறி வந்தது. மகளுக்குப் பக்கவாதம் என்று பயம், இறக்கி விட்ட ஆம்புலன்ஸ்காரர்களுக்கும் அதே சந்தேகம்தான். மூளை சிடி ஸ்கேனில் ரத்தக்கசிவும் இல்லை, அடைப்பும் தெரியவில்லை. அரை மணி நேரத்தில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சோடியம் லிட்டருக்கு 112 மில்லிமோல்.

இருக்க வேண்டியது 135-இலிருந்து 145.

நான் தாதி. பொது மருத்துவ வார்டில் பல வருடம் இரவு வேலை பார்த்தவள். சோடியம் குறைந்து வரும் வயதானவர்களை மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது பார்க்கிறோம், ஆனாலும் இந்தப் பாட்டியின் முதல் இரவு எனக்கு இன்னும் மணிக்கு மணி ஞாபகம் இருக்கிறது. தண்ணீர் ஒரு செல்லுக்குள் எப்படிப் போகிறது, எப்படி வெளியே வருகிறது என்று படிக்கிற காலத்தில் மனப்பாடம் பண்ணியதை அந்த ஒரே கட்டிலில் நாலு தடவை நேரில் பார்த்தேன். குடும்பத்தின் சம்மதத்தோடு, ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

வருவதற்கு முன்பு

இருபது வருடமாக ரத்தக்கொதிப்பு. ஒரு மாத்திரை போதாமல், வருவதற்குப் பன்னிரண்டு நாளுக்கு முன்னால் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற இரண்டாவது மாத்திரையைச் சேர்த்திருந்தார்கள். மலிவான, நல்ல மாத்திரை, உலகம் முழுவதும் கோடிக்கணக்கானவர்கள் சாப்பிடுகிறார்கள். கொடுத்தது தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் மெலிந்த உடம்பு, வயதான பெண், புதிதாகத் தொடங்கிய தயசைடு, இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் முதல் இரண்டு வாரத்தில் சோடியம் கீழே போகக்கூடும் என்பது எல்லா வார்டிலும் தெரிந்த விஷயம்.

அதோடு இன்னும் இரண்டு சேர்ந்துகொண்டன. ஒன்று வெயில். ஏப்ரல், மே மாதத்துச் சிங்கப்பூர்ப் புழுக்கத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாட்ஸப்பில் உறவுக்காரர் யாரோ "பெரியவர்கள் தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும்" என்று அனுப்ப, மகள் ஒன்றரை லிட்டர் போத்தல் இரண்டை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார், சாயந்திரம் வரும்போது இரண்டும் காலியாக இருக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். பாட்டி சொல் தட்டாதவர். அது போக பார்லித் தண்ணீர், இரண்டு வேளை தே ஓ (பாலில்லாத டீ).

இன்னொன்று சாப்பாடு. பிரஷர் என்று உப்பை நிறுத்திவிட்டார்கள், பல்செட் வலிக்கிறது என்று மீனும் கோழியும் தானாக நின்றுவிட்டன. காலையில் ரொட்டியை டீயில் நனைத்து, மத்தியானம் உப்பில்லாத கஞ்சி, ராத்திரி பாதி இட்லி. இது ஏன் முக்கியம் என்றால், சிறுநீரகம் வெறும் தண்ணீரை மட்டும் வெளியேற்றாது. ஒவ்வொரு லிட்டர் சிறுநீரோடும் கொஞ்சமாவது உப்பும் யூரியாவும் போயாக வேண்டும், எவ்வளவுதான் நீர்க்கச் செய்தாலும் லிட்டருக்குச் சுமார் 50 மில்லி ஆஸ்மோலுக்கு (கரைந்த துகள்களை எண்ணும் அளவு) கீழே போகாது. உப்பும் புரதமும் உள்ளே வராத உடம்பில் தண்ணீரை ஏற்றி அனுப்ப வண்டியே குறைவு. அதற்கு மேல் தயசைடு, சிறுநீரை நீர்க்கச் செய்கிற இடத்திலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. குடித்த தண்ணீர் வெளியேற வழி தெரியாமல் உள்ளேயே தங்கிவிட்டது.

வருவதற்கு நாலு நாளுக்கு முன்பிருந்தே தலைவலி, குமட்டல். நடந்தால் சுவரைப் பிடிக்கிறார். மகள் என்ன செய்தார்? பாவம், இன்னும் கொஞ்சம் தண்ணீர் கொடுத்தார்.

அவசரப் பிரிவில்

ரத்தத்தின் ஆஸ்மோலாலிட்டி, அதாவது கரைந்த பொருள்களின் மொத்தச் செறிவு, 234, இருக்க வேண்டியது 275-இலிருந்து 295. பொட்டாசியம் 2.9, அதுவும் குறைவு. சர்க்கரை சரியாக இருந்தது. சர்க்கரையை ஏன் பார்த்தார்கள் என்றால், ரத்தத்தில் சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தால் அது செல்லுக்குள்ளிருந்து தண்ணீரை வெளியே இழுத்து, இருக்கிற சோடியத்தை நீர்த்துக் காட்டும். நம் ஆட்களில் நீரிழிவு அதிகம் என்பதால் இதை முதலில் விலக்கிவிடுவார்கள். தைராய்டு, கார்ட்டிசோல் இரண்டும் பிறகு சரி என்று வந்தன. சிறுநீரின் ஆஸ்மோலாலிட்டி 420. ரத்தமே இவ்வளவு நீர்த்திருக்கும்போது சிறுநீர் 100-க்குக் கீழே போய்த் தண்ணீரைக் கொட்ட வேண்டும், ஆனால் ரத்தத்தைவிடக் கெட்டியாக இருந்தது. உடம்பு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு விட மறுக்கிறது என்று அந்த ஒரு எண் சொல்லிவிட்டது.

ஐந்தே காலுக்கு வலிப்பு வந்தது. கை கால் இழுத்து, வாயில் நுரை தள்ளி ஒரு நிமிடத்துக்கு மேல். மகள் திரைக்கு அந்தப் பக்கம் நின்று "அம்மா, அம்மா" என்று கத்தினார்.

உடனே 3 சதவீத உப்புநீர், 150 மில்லி, இருபது நிமிடத்தில் ஏற்றினார்கள். அது முடிந்ததும் இன்னொரு 150. வார்டில் சாதாரணமாக ஏற்றும் 0.9 சதவீத சலைனில் லிட்டருக்கு 154 மில்லிமோல் சோடியம் இருக்கும், இதில் 513. ஏழு மணிக்கு எடுத்த ரத்தத்தில் சோடியம் 116. வலிப்பு திரும்ப வரவில்லை. பாட்டி கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார்.

வெறும் நாலு எண்தான் ஏறியிருக்கிறது. ஆனால் அந்த நாலு மூளையின் வீக்கத்தைக் குறைக்கப் போதுமானது. அது எப்படி என்று சொல்லாமல் மேலே போனால் அந்த இரவு நடந்த மற்ற எதுவும் புரியாது.

சவ்வின் பக்கம்

நம் செல் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு கொழுப்புச் சவ்வு இருக்கிறது. இரண்டே மூலக்கூறு அடுக்கு, ஒரு மில்லிமீட்டரை இரண்டு லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவு தடிமன். எண்ணெய் மாதிரி அது. ஆக்சிஜன், கரியமில வாயு, ஆல்கஹால் எல்லாம் கேட்காமல் உள்ளே போய்விடும், கூட்டம் அதிகமாக இருக்கிற பக்கத்திலிருந்து குறைவாக இருக்கிற பக்கத்துக்குத் தானே பரவும். இதற்குச் செல் ஒரு துளி சக்தியும் செலவழிப்பதில்லை. சர்க்கரை பெரிய மூலக்கூறு, எண்ணெயில் கரையாது. அதற்கென்று வாசல் வைத்த புரதங்கள் இருக்கின்றன, ஆனாலும் போவது பள்ளத்தை நோக்கித்தான்.

சோடியம் மின்னேற்றம் கொண்டது, எண்ணெயில் ஒட்டவே ஒட்டாது. கொஞ்சம் கசிந்து உள்ளே வந்தாலும் செல்லின் பம்பு அதை வெளியே தள்ளிவிடும். அதனால் நடைமுறையில் சோடியம் வெளியில்தான், பொட்டாசியம் உள்ளேதான்.

தண்ணீருக்கு அந்தத் தடை கிடையாது. சவ்வு வழியாகவே ஓரளவு கசியும், போதாததற்கு அதற்கென்றே தனிக் குழாய்கள் உண்டு. 1992-இல் பீட்டர் ஆக்ரேயின் குழு ஒரு புரதத்தைத் தவளை முட்டைச் செல்லில் உருவாக வைத்து, அந்த முட்டையை நீர்த்த கரைசலில் போட்டார்கள். சாதாரண முட்டை அப்படியே இருந்தது, புரதம் இருந்த முட்டை உப்பி வெடித்தது. அதுதான் அக்குவாபோரின். ஒரு குழாய் வழியாக ஒரு நொடிக்குச் சுமார் 300 கோடித் தண்ணீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில் போகின்றன, உப்பு ஒன்றுகூட நுழையாது. 2003-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, உப்பு தாண்ட முடியாது, தண்ணீர் தாண்டும். அப்படியானால் இரண்டு பக்கமும் செறிவு சமமாகிற வரை தண்ணீர்தான் இடம் மாற வேண்டும். இதுதான் சவ்வூடுபரவல். வெளியே நீர்த்துப்போனால் தண்ணீர் உள்ளே போய்ச் செல் உப்பும், வெளியே கெட்டியானால் தண்ணீர் வெளியே வந்து செல் சுருங்கும்.

இதன் பலத்தைப் பற்றி ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். உடம்புச் சூட்டில், சவ்வின் இரண்டு பக்கமும் ஒரே ஒரு மில்லி ஆஸ்மோல் வித்தியாசம் இருந்தால் அது 19 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்குச் சமம். பத்து வித்தியாசம் என்றால் 190. பாட்டியின் ரத்தக்கொதிப்பு 150-ஐத் தொட்டதற்கே இரண்டாவது மாத்திரை கொடுத்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த அளவு இழுப்பை எந்தச் செல் சவ்வும் தாங்காது. அதனால்தான் வித்தியாசம் வந்த மாத்திரத்தில் தண்ணீர் ஓடிப்போய் அதைச் சமன் செய்துவிடுகிறது.

கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி குடிநீராக்கும் நம் ஊர்ப் புதுநீர் ஆலைகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். 2002 தேசிய தின அணிவகுப்பில் எல்லாரும் போத்தலைத் தூக்கிக் குடித்தோமே, அந்தத் தண்ணீர், சவ்வின் ஒரு பக்கம் பம்பு வைத்து அழுத்தி, தண்ணீரை அது போக விரும்பாத திசைக்குத் தள்ளி எடுத்தது. அதற்கு மின்சாரம் வேண்டும். உடம்பு அப்படித் தண்ணீரை அழுத்தித் தள்ளுவதில்லை. உப்பை இறைக்கும், தண்ணீர் பின்னாலேயே போகும்.

பாட்டியின் மூளையில் நடந்ததும் இதுதான். மூளையின் துணைச் செல்கள் ரத்தக் குழாய்களைச் சுற்றி நீட்டியிருக்கும் கால்களில் அக்குவாபோரின் 4 என்ற வகை அடர்த்தியாக இருக்கிறது. ரத்தம் நீர்த்ததும் தண்ணீர் அந்த வழியாக உள்ளே போனது. கையோ காலோ வீங்கினால் தோல் இடம் கொடுக்கும். மண்டையோடு கொடுக்காது. தலைவலி, குமட்டல், குழறல், கடைசியில் வலிப்பு, எல்லாம் அந்த இட நெருக்கடியின் குரல். இந்தப் புரதம் இல்லாத எலிகளுக்கு அளவுக்கு மீறித் தண்ணீர் ஏற்றிப் பார்த்தபோது மூளை வீக்கம் குறைவாக இருந்தது என்று 2000-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. 3 சதவீத உப்புநீர் ரத்தத்தைக் கொஞ்சம் கெட்டியாக்கியது, அதே வாசல் வழியாகத் தண்ணீர் திரும்பி வெளியே வந்தது. ஏழு மணிக்குப் பாட்டி கண் திறந்ததற்கு அவ்வளவுதான் காரணம்.

மகள் கேட்ட கேள்வி

ஒன்பது மணிக்கு நான் ஷிப்ட் ஏறினேன். பாட்டியை ஒன்பதரைக்கு வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். மகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சிஸ்டர், உப்புதானே கொறைஞ்சிருக்கு? அந்த உப்புத் தண்ணி ஏத்துனதும் அம்மா நல்லாயிட்டாங்க. இன்னும் நாலு பாட்டில் ஏத்தி ஒரே ராத்திரியில சரி பண்ணிட்டா என்ன? ஏன் நிறுத்திட்டாங்க?"

நான் இந்த வேலையில் கேட்ட நல்ல கேள்விகளில் இதுவும் ஒன்று. பதிலுக்கு அவரிடமே கேட்டேன், "பாகற்காய் எப்படிமா சமைப்பீங்க?"

"நறுக்கி உப்புப் போட்டுப் பெசறி வெச்சுருவேன். கசப்புத் தண்ணி எறங்கும். அப்புறம் பிழிஞ்சு எடுப்பேன்."

"பிழிஞ்சதும் காய் எப்படி இருக்கும்?"

"சுருங்கிப் போயிரும்" என்றவர், அம்மாவின் தலையைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

ரத்தத்தில் சோடியம் 112 என்றால் உடம்பில் உப்பு அவ்வளவுதான் மிச்சம் என்று அர்த்தம் இல்லை. அது ஒரு விகிதம். தண்ணீர் எவ்வளவு, அதில் உப்பு எவ்வளவு என்பதன் கணக்கு. மாத்திரையால் பாட்டிக்குக் கொஞ்சம் உப்பு போயிருந்தது உண்மைதான், ஆனால் பெரும்பங்கு கூடிப்போன தண்ணீர். அதைவிட முக்கியம், இது நாலைந்து நாளில் மெதுவாக இறங்கிய சோடியம். அந்த நாட்களில் மூளை சும்மா இருக்கவில்லை. வீங்கத் தொடங்கியதுமே தனக்குள் இருந்த பொட்டாசியத்தை வெளியே விட்டது, அடுத்த இரண்டு நாளில் டாரின், மயோ இனாசிட்டால், குளுட்டமின் மாதிரி சின்னச் சின்னக் கரிமப் பொருள்களையும் வெளியே அனுப்பியது. உள்ளே சரக்கு குறைந்தால் தண்ணீரை இழுக்கிற பலமும் குறையும், வீக்கமும் வடியும். 112-இல்கூட ஒரு மனுஷி "பாலை எறக்கணும்" என்று சொல்ல முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான்.

அப்படி வீட்டுச் சாமானை எல்லாம் வெளியே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மூளையைச் சுற்றி ஒரே இரவில் ரத்தத்தைக் கெட்டியாக்கினால் தண்ணீர் உள்ளிருந்து சரசரவென்று வெளியேறும். வெளியே விட்ட பொருள்களைத் திரும்பச் சேர்க்க மூளைக்குப் பல நாள் வேண்டும், தண்ணீருக்கோ சில நிமிடம் போதும். செல்கள் சுருங்கும், நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் உறை உரியும். 1959-இல் ஆடம்ஸ், விக்டர், மன்கால் மூவரும் மூளைத்தண்டில் இந்த உறை உரிதலை முதலில் விவரித்தார்கள். குறைந்த சோடியத்தை வேகமாக ஏற்றுவதோடு இதற்குத் தொடர்பு உண்டு என்பதை 1986-இல் ஸ்டெர்ன்ஸ் குழு அழுத்தமாக எழுதியது. கொடுமை என்னவென்றால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நோயாளி தெளிவாகிச் சிரித்துப் பேசுவார், வீட்டார் கையெடுத்துக் கும்பிடுவார்கள், இரண்டு நாளிலிருந்து ஆறு நாளுக்குள் பேச்சுப் போகும், விழுங்க முடியாது, கை கால் விழும். சிலர் கண்ணை மட்டும் அசைத்துக்கொண்டு கிடப்பார்கள்.

மகளிடம் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. "வேகமாப் போனா மூளை சுருங்கும்மா, அதான் மெதுவாப் போறோம்" என்று மட்டும் சொன்னேன். சாப்பாடு சரியில்லாதவர், பொட்டாசியம் குறைந்தவர், இரண்டுமே இந்த ஆபத்தைக் கூட்டுபவை. அதனால் டாக்டர் கோடு போட்டிருந்தார்: 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் ஏறக் கூடாது. மறுநாள் நாலரை மணிக்கு 120, அதைத் தாண்டக் கூடாது.

பொட்டாசியத்தையும் கணக்கில் சேர்த்திருந்தார்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். 40 மில்லிமோல் பொட்டாசியம் ஏற்றினால் அது செல்லுக்குள் போகும், அதற்கு ஈடாக உள்ளிருந்து சோடியம் வெளியே வரும், ஆக சோடியம் ஏற்றியதற்கு ஏறத்தாழச் சமம்.

இரவு ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரை

பதினொரு மணி ரத்தத்தில் 117. நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு ஐம்பது அறுபது மில்லி சிறுநீர், அடர்ந்த மஞ்சள், கொதித்த தே ஓ நிறத்துக்குக் கொஞ்சம் முன்னால்.

ஒரு மணிக்குப் பை அளந்தபோது 120 மில்லி. இரண்டு மணிக்கு 350. மூன்று மணிக்குப் போய்க் கட்டிலுக்குக் கீழே குனிந்தால் பை கனத்துத் தொங்குகிறது, 400 மில்லி. டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாயில் வருவது வெறும் தண்ணீர் மாதிரி. பையில் அச்சடித்த எண்களை அதன் ஊடே படிக்க முடிந்தது. மஞ்சளே இல்லை.

வேறொரு நோயாளியாக இருந்தால் சிறுநீர் நன்றாகப் பிரிகிறது என்று சந்தோஷப்பட்டுக் குறித்துவைத்துவிட்டுப் போயிருப்பேன். இந்தக் கட்டிலில் அதைவிடப் பெரிய அபாய மணி கிடையாது. யாரும் உப்பு ஏற்றவில்லை, ஆனால் உப்பில்லாத தண்ணீர் மணிக்கு 400 மில்லி வெளியே போகிறது. உடம்பு தன்னைத் தானே திருத்திக்கொள்ளத் தொடங்கிவிட்டது, அதுவும் தலைதெறிக்கிற வேகத்தில். டாக்டரைக் கூப்பிட்டேன். வந்தவர் சின்ன வயதுக்காரர், ஆனால் பையைப் பார்த்ததுமே நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. ரத்தம் எடுத்தோம். 121. சிறுநீர் ஆஸ்மோலாலிட்டி 90.

பதினொரு மணி நேரத்துக்குள் ஒன்பது ஏறிவிட்டது.

ஏன் இப்படி? சிறுநீரகத்தின் கடைசிக் குழாய்களின் செல்களில் அக்குவாபோரின் 2 என்ற வாசல் இருக்கிறது. அது எப்போதும் சுவரில் இருப்பதில்லை, சாதாரண நேரத்தில் செல்லுக்குள்ளே சின்னப் பைகளில் மடித்து வைத்திருக்கும். மூளையிலிருந்து வாசோபிரசின் என்ற ஹார்மோன் வந்தால் அந்தப் பைகள் வந்து சுவரில் ஒட்டி வாசல் திறக்கும். சிறுநீரகத்தின் உள்பகுதி ரத்தத்தைவிட நாலு மடங்கு கெட்டியாகக்கூட இருக்கும், அதனால் வாசல் திறந்தால் போதும், குழாயிலிருக்கும் தண்ணீர் தானாக உடம்புக்குள் உறிஞ்சப்படும், சிறுநீர் கெட்டியாகும். ஹார்மோன் நின்றால் வாசல்கள் திரும்ப உள்ளே போய்விடும். தண்ணீர் எதிர்ப்புறம் இருக்கிற உப்பைத் தொட வழியில்லாமல் நேரே பைக்கு வந்துவிடும்.

பாட்டியின் தயசைடை நிறுத்தியாயிற்று, குமட்டலும் நின்றது, உடம்பில் உப்பும் கொஞ்சம் ஏறியது. அதுவரை வாசோபிரசினைச் சுரக்க வைத்துக்கொண்டிருந்த காரணங்கள் ஒவ்வொன்றாக விலக, நடு ராத்திரியில் வாசல் மூடியது. சாயந்திரம் தண்ணீரை விட மறுத்த அதே சிறுநீரகம் இப்போது அணை உடைந்த மாதிரி கொட்டியது.

டாக்டர் இரண்டு வேலை செய்தார். டெஸ்மோபிரசின் 2 மைக்ரோகிராம் ஊசி. அது வாசோபிரசினின் வேலையைச் செய்யும் மருந்து, மூடிய வாசலைத் திரும்பத் திறந்து தண்ணீரை உள்ளே எடுக்க வைக்கும். அப்புறம் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், கிலோவுக்கு மணிக்கு 3 மில்லி வீதம் இரண்டு மணி நேரம், 276 மில்லி.

என்னோடு இருந்த புதுத் தாதி தயங்கினாள். "அக்கா, சோடியம் கம்மின்னு வந்தவங்களுக்குத் தண்ணி ஏத்துறோமா? பாட்டில்ல ஐசோடோனிக்னு வேற போட்டிருக்கே?" கேட்டது நியாயமான கேள்வி. பாட்டிலுக்குள் இருக்கும் வரை அந்தத் திரவம் ரத்தத்துக்குச் சமமான செறிவுதான், லிட்டருக்கு 278 மில்லி ஆஸ்மோல். ஆனால் அதில் கரைந்திருப்பது சர்க்கரை. ரத்தத்துக்குள் போனதும் சர்க்கரை தன் வாசல் வழியாகச் செல்லுக்குள் போய் எரிந்துவிடும், மிச்சம் வெறும் தண்ணீர். வெறும் தண்ணீரை நேராக ரத்தக் குழாயில் ஏற்றினால் சிவப்பணுக்கள் உப்பி வெடிக்கும் என்பதால் சர்க்கரையைத் துணைக்கு அனுப்புகிறோம். சவ்வைத் தாண்டிப் போகக்கூடிய பொருள் எவ்வளவு கரைந்திருந்தாலும் அது தண்ணீரை நெடுநேரம் பிடித்து வைக்காது, தாண்ட முடியாத பொருள்தான் பிடித்து வைக்கும். யூரியாவும் அப்படித்தான், சிறுநீரகம் கெட்டவர்களுக்கு யூரியா மெதுவாக ஏறி ஆஸ்மோலாலிட்டி எகிறினாலும் செல்கள் சுருங்கிப் போவதில்லை, அது இரண்டு பக்கமும் சமமாகப் பரவிவிடுகிறது. அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே சொட்டு எண்ணினாள். இன்றைக்கு அவளே புதியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறாள்.

நாலு மணிக்குப் பையில் 110 மில்லி. ஐந்து மணிக்கு 45, மஞ்சள் திரும்பியிருந்தது. ஒரு நோயாளியின் சிறுநீர் மஞ்சளானதைப் பார்த்து நான் அவ்வளவு நிம்மதி அடைந்தது இல்லை. ஐந்து மணி ரத்தம் 119.

பிறகு

மறுநாள் நாலரை மணிக்குச் சரியாக 120. டெஸ்மோபிரசினை எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இன்னொரு நாள் தொடர்ந்தார்கள், குடிக்கும் தண்ணீருக்கு அளவு வைத்தார்கள், நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தம். பாட்டியின் இரண்டு கையும் கன்றிப் போய்விட்டது, "மிஸி, இன்னும் எத்தனை தடவை குத்துவே" என்று அவர் கேட்டபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனால் முழு வாக்கியமாகக் கேட்டாரே என்று சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டாம் நாள் முடிவில் 125. நாலாம் நாள் 130.

ஆறாம் நாள் வரைக்கும் ஒவ்வொரு ஷிப்டிலும் நாக்கை நீட்டச் சொல்லி, ஒரு ஸ்பூன் தண்ணீர் விழுங்க வைத்து, என் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தோம். உறை உரிகிற அந்தக் கண்ணுக்குத் தெரியாத நோய் இரண்டாவது நாளிலிருந்து ஆறாவது நாளுக்குள்தான் தலை காட்டும் என்பதற்காக. பதினொரு மணி நேரத்தில் ஒன்பது ஏறியதை இரண்டு மணி நேரத்தில் ஏழாக இறக்கிவிட்டோம் என்றாலும் அந்த ஐந்து நாளும் எனக்கு உள்ளுக்குள் உதறல்தான். பாட்டி ஒவ்வொரு தடவையும் விரலை நசுக்கினார்.

இந்த நிகழ்வில் எது எங்கே வேறு மாதிரி நடந்திருக்கலாம் என்று வார்டில் உட்கார்ந்து பேசினோம். புது மாத்திரை தொடங்கி ஒரு வாரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை இருந்திருந்தால் 125, 128 என்ற இடத்திலேயே பிடித்திருக்கலாம் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இரவில் மணிக்கு ஒரு முறை பை அளக்க வேண்டும் என்று மாலை டாக்டர் எழுதிவைத்திருந்ததால்தான் மூன்று மணிக்குக் கண்டுபிடித்தோம், நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று இருந்திருந்தால் ஐந்து மணிக்கு அந்த எண் என்னவாக இருந்திருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. என் பங்குக்கு நான் சொன்னது, ஒரு மணிக்கு 120 வந்தபோதே கூப்பிட்டிருக்க வேண்டும் என்பது. இரு மடங்கானதைப் பார்த்தேன், இன்னொரு மணி நேரம் பார்ப்போம் என்று விட்டேன், இரண்டு மணிக்கு 350 என்று எழுதியபோதும் பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு மூச்சுத்திணறல், அங்கே ஓடிவிட்டேன். இப்போது எங்கள் வார்டில் மணிக்கு 100 மில்லியைத் தாண்டினால் உடனே கூப்பிட வேண்டும் என்று அந்தத் தாளிலேயே எழுதிவிடுகிறோம்.

ஏழாம் நாள் வீட்டுக்குப் போனார். தயசைடு இனிமேல் வேண்டாம் என்று மருந்துப் பதிவேட்டில் குறித்து, ரத்தக்கொதிப்புக்கு அம்லோடிபின் மாற்றிக் கொடுத்தார்கள். உணவு ஆலோசகர் வந்து தினமும் ஒரு முட்டை, மீன், பருப்பு என்று எழுதிக்கொடுத்தார், உப்பைக் குறைக்கலாம், அடியோடு நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார். மேசையில் இருந்த இரண்டு போத்தலில் ஒன்றை மகள் எடுத்துவிட்டாராம், மற்றதையும் தாகம் எடுத்தால் குடித்தால் போதும் என்று விட்டிருக்கிறார். இரண்டு வாரம் கழித்து எடுத்த ரத்தத்தில் சோடியம் 136, பொட்டாசியம் 4.1.